கடல் நீர்த்திரளை அடையாளம் காண்பது எப்படி: அரபிக்கடலின் மூன்று உப்பு உச்சங்களை வைத்து

கடலில் தானே இறங்கி ஏறி அளவெடுக்கும் ஆர்கோ மிதவை ஒன்றின் தரவு கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் ஆழத்துக்கு எதிராக வெப்பநிலையைத்தான் வரைந்து பார்க்கிறார்கள். தப்பில்லை, ஆனால் அந்தப் படத்தில் நீர்த்திரள் கண்ணில் படாது. மேலே சூடு, நடுவே ஒரு சரிவு, கீழே குளிர் என்று வெப்பமண்டலக் கடல் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். நீர்த்திரள் என்பது ஏதோ ஓரிடத்தில், ஏதோ ஒரு பருவத்தில், காற்றாலும் வெயிலாலும் மழையாலும் ஆற்றாலும் பனிக்கட்டியாலும் தனக்கென்று ஒரு வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் வாங்கிக்கொண்டு, அப்புறம் மேற்பரப்பை விட்டுக் கீழே இறங்கிப்போன நீர். இறங்கிய பிறகு அதைச் சூடாக்க வெயில் கிடையாது, உப்பைக் குறைக்க மழை கிடையாது. கடலடியிலிருந்து வரும் பூமியின் வெப்பம் மிகச் சொற்பம். பக்கத்து நீரோடு கலப்பது ஒன்றுதான் அதை மாற்றும், அதுவும் மெதுவாகத்தான். அதனால்தான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போன பிறகும் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடிகிறது.

ஆகவே எந்தத் தரவைப் பார்த்தாலும் மனதில் வைத்திருக்க வேண்டிய கேள்வி: இந்த நீர் கடைசியாக எங்கே, எப்போது காற்றைத் தொட்டது? இந்த வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு வேலையும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்காகத்தான். உதாரணத்துக்கு அரபிக்கடலை எடுத்துக்கொள்கிறேன். முதலில் கற்றுக்கொள்ள அதைவிடத் தெளிவான கடல் குறைவு. மூன்று வெவ்வேறு இடங்களில் பிறந்த மூன்று உப்பு நீர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக அங்கே கிடக்கின்றன.

நீர் எப்படிக் கனக்கிறது

குளிர்ந்தாலும் நீர் கனக்கும், உப்பேறினாலும் கனக்கும். ஆனால் இந்த இரண்டின் பலமும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. 28 டிகிரி செல்சியஸில் இருக்கும் கடல் நீரை ஒரு டிகிரி குளிரவைத்தால் கன மீட்டருக்கு ஏறக்குறைய 0.33 கிலோ கூடும். 0 டிகிரிக்கு அருகில் இருக்கும் நீரை அதே ஒரு டிகிரி குளிரவைத்தால் 0.05 கிலோ அளவுதான் கூடும். உப்போ, குளிரிலும் சரி சூட்டிலும் சரி, ஓர் அலகு (ஒரு கிலோ நீரில் ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு) ஏறினால் 0.75 முதல் 0.8 கிலோ வரை கூட்டிவிடும். துருவக் கடலில் உப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது: உறைநிலைக்குப் பக்கத்தில் வந்த பிறகு மேலும் குளிர்ந்து பெரிதாகக் கனக்க முடியாது, உப்பு ஏற வேண்டும்.

அது எப்படி ஏறுகிறது? அண்டார்டிகாவின் வெட்டெல் கடல், ராஸ் கடல், அடேலி கரை, கேப் டார்ன்லி ஆகிய இடங்களில் நிலத்திலிருந்து இறங்கும் பனிக்காற்று, கரையோரம் உறைந்த பனிக்கட்டியைத் தள்ளிக்கொண்டே போகிறது. திறந்த நீர் மறுபடி உறைகிறது, மறுபடி தள்ளப்படுகிறது. கடல் நீர் உறையும்போது பெரும்பகுதி உப்பைக் கட்டிக்குள் விடாமல் வெளியே தள்ளிவிடும். அந்த உப்பு கீழேயுள்ள நீரில் சேர்ந்து, அது கனத்து, கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டிச் சரிவில் இறங்கி, வழியில் சுற்றியிருக்கும் நீரை இழுத்துக் கலந்துகொண்டு, அண்டார்டிக் அடிநீராக உலகப் பெருங்கடல்களின் அடியில் பரவுகிறது. கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையேயுள்ள லாப்ரடார் கடலில் நடப்பது வேறு மாதிரி. அங்கே குளிர்காலப் புயல்காற்று திறந்த கடலிலேயே வெப்பத்தை உறிஞ்சி எடுக்க, மேல்நீர் ஆயிரம் மீட்டருக்கும் கீழே வரை புரண்டு கலக்கிறது. வட அட்லாண்டிக் ஆழ்நீரின் ஒரு பங்கு அப்படிப் பிறப்பது.

மூன்றாவது வகைதான் நமக்கு வேண்டியது: வெயிலில் ஆவியாகி ஆவியாகி உப்பேறிய ஓரக்கடல்கள். மத்தியதரைக் கடல், செங்கடல், பாரசீக வளைகுடா மூன்றும் இந்த இனம். செங்கடலில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் உயர நீர் ஆவியாகிறது, மழை சொற்பம், சொல்லும்படியான ஆறு ஒன்றுகூட இல்லை. அதன் ஆழ்நீர் 22 டிகிரிக்குச் சற்றுக் குறைவு, உப்பு 40-க்கும் மேல். இவ்வளவு சூடான நீர், 0 டிகிரியில் 35 உப்போடு இருக்கும் துருவ நீரைவிடக் கனமானது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். மேற்பரப்பு அழுத்தத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாவது கன மீட்டருக்கு 1028.5 கிலோவை ஒட்டி வரும், இரண்டாவது 1028.1.

அப்படியானால் அது நேராக இந்தியப் பெருங்கடலின் அடிக்கே போயிருக்க வேண்டுமே? போகவில்லை. பாப் அல் மண்டப் நீரிணைக்குச் சற்று வடக்கே ஹனிஷ் தீவுகளருகே, சுமார் 140 மீட்டர் ஆழமே உள்ள கடலடி மேட்டைத் தாண்டி அது வழிந்து, ஏடன் வளைகுடாவின் சரிவில் இறங்குகிறது. இறங்கும் வேகத்தில் சுற்றியுள்ள இலேசான நீரை ஏராளமாக இழுத்துக் கலந்துகொள்கிறது. அடிக்குப் போகும் முன்பே தன் எடையை இழந்து, தனக்குச் சமமான அடர்த்தி எங்கே இருக்கிறதோ அங்கே, 500 முதல் 800 மீட்டர் வாக்கில், பக்கவாட்டில் பரவிவிடுகிறது. ஒரு நீர்த்திரளின் அடையாளத்தில் பாதி பிறந்த இடத்தில் எழுதப்படுகிறது, மீதிப் பாதி வாசலைத் தாண்டும்போது நடக்கும் இந்தக் கலப்பில். மூல இடத்து எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு அரபிக்கடலில் 40 உப்புள்ள நீரைத் தேடினால் கிடைக்காது.

நான்காவது வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்றின் போக்கால் மேல்நீர் குவியும் வட்டாரங்களில் குளிர்காலத்தில் தடித்த கலந்த அடுக்கு (காற்றும் குளிரும் கிளறி ஒரே சீராக்கிய மேல்நீர்), வசந்தத்தில் மேலே புதிய சூடான நீர் மூடிக்கொள்ள, அப்படியே உள்ளே அமுக்கப்படுகிறது. சர்காசோ கடலின் 18 டிகிரி நீர் இதற்குப் பேர்போன உதாரணம். இதில் கவனிக்க வேண்டியது பருவம். உள்ளே போய்ச் சேரும் நீர் வருடச் சராசரியைக் காட்டாது, குளிர்கால இறுதியின் குணத்தைக் காட்டும், ஏனென்றால் கலந்த அடுக்கு மிக ஆழமாக இருப்பது அப்போதுதான், கோடையில் அமுங்கியதெல்லாம் அடுத்த குளிர்காலத்தில் மறுபடி கலக்கப்பட்டுவிடும். மூல இடத்து மேற்பரப்பு எண்களைத் தேடும்போது ஆண்டுச் சராசரி வரைபடத்தைத் திறக்காதீர்கள், குளிர்கால இறுதி மாதத்தைத் திறங்கள்.

தரவை எடுப்பதும் சுத்தம் செய்வதும்

ஆர்கோ திட்டத்தில் உலகம் முழுக்க ஏறக்குறைய 4000 மிதவைகள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் 1000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து ஏறிக்கொண்டே அழுத்தம், வெப்பநிலை, உப்புத்தன்மை மூன்றையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. தரவு முழுவதும் இலவசம். பிரான்சிலும் அமெரிக்காவிலும் உள்ள உலகத் தரவு மையங்களிலிருந்து எடுக்கலாம். இந்தியாவின் பங்கை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கவனிக்கிறது, இந்தியப் பெருங்கடல் தரவை அங்கேயும் பெறலாம்.

கோப்பைத் திறந்தவுடன் படம் வரையப் போகாதீர்கள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் தரக்குறி இருக்கும்: 1 என்றால் நல்லது, 2 பெரும்பாலும் நல்லது, 3-ம் 4-ம் வேண்டாம். அதே கோப்பில் சரிசெய்யப்படாத உப்பு மதிப்பும் சரிசெய்யப்பட்ட மதிப்பும் தனித்தனியாக இருக்கும், இரண்டாவதை எடுங்கள். கூடுமானவரை நிபுணர்கள் பிறகு உட்கார்ந்து சரிபார்த்த தாமதத் தரவையே பயன்படுத்துங்கள். உப்பு உணரி காலப்போக்கில் விலகும். சில உணரிகள் திடீரென்று உப்பை அதிகமாகக் காட்டத் தொடங்கியதும் உண்டு. ஆழ்கடலில் இரண்டு நீர்த்திரள்களுக்கு இடையேயான வித்தியாசமே 0.02, 0.03 உப்பு அலகுதான் என்னும்போது, உணரி 0.05 விலகினால் நீங்கள் இல்லாத நீரைக் கண்டுபிடித்து அதற்குப் பெயரும் வைத்துவிடுவீர்கள். ஒரே மிதவையின் பல சுற்றுகளை 1800 மீட்டருக்குக் கீழே ஒப்பிட்டால் இது பிடிபடும், அங்கே நீர் அவ்வளவு வேகமாக மாறாது.

அடுத்து வெப்பநிலை. அழுத்தம் கூடும்போது நீர் இலேசாகச் சுருங்குகிறது, சுருங்கும்போது சூடாகிறது. வெளியிலிருந்து எந்த வெப்பமும் சேராமலேயே 2000 மீட்டரில் இது 0.15 டிகிரி அளவு, 5000 மீட்டரில் 0.4 டிகிரிக்கும் மேல். இந்தச் சூட்டைக் கழித்து, நீரை மேற்பரப்புக்குக் கொண்டுவந்தால் என்ன வெப்பநிலை இருக்குமோ அதைத்தான் வைத்து ஒப்பிட வேண்டும். அதற்குப் பொட்டன்ஷியல் வெப்பநிலை என்று பெயர். கடல் நீர்க் கணக்குகளுக்கு உலக அளவில் 2010-இல் ஏற்கப்பட்ட டியோஸ்-10 முறை இன்னும் ஒருபடி போய் கன்சர்வேடிவ் வெப்பநிலை என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறது. இரண்டையும் கணக்கிட ஜிஎஸ்டபிள்யூ என்ற இலவச நிரல்தொகுப்பு பைத்தானிலும் மேட்லேபிலும் கிடைக்கிறது. நிரல் எழுத விருப்பம் இல்லாதவர்கள் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனத்திலிருந்து வரும் ஓஷன் டேட்டா வியூ என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். அதுவும் இலவசம், கல்லூரி மாணவர்களுக்கு அதுவே போதும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, கட்டாயம் சொல்ல வேண்டும். டியோஸ்-10 தரும் அப்சல்யூட் உப்புத்தன்மை, மிதவை தரும் பிராக்டிகல் உப்புத்தன்மையைவிட 0.17 அளவு கூடுதலாக இருக்கும். பழைய 35 என்பது புதியதில் 35.17. ஆய்வுக் கட்டுரைகளில் உள்ள நீர்த்திரள் அட்டவணைகளில் பெரும்பகுதி பழைய அளவில் எழுதப்பட்டவை. உங்கள் தரவு புதிய அளவில், அட்டவணை பழைய அளவில் என்றால் எல்லா நீரும் தவறான பெட்டியில் விழும். எந்த அளவு வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். இந்தக் கட்டுரையில் உள்ள எண்கள் பழைய பிராக்டிகல் அளவில்தான்.

டி-எஸ் படம்

1916-இல் நார்வேயின் பியோர்ன் ஹெலண்ட்-ஹான்சன் செய்த எளிய காரியம் இன்றைக்கும் இந்தத் துறையின் முதல் கருவி: ஆழத்தை அச்சிலிருந்து தூக்கிவிட்டு, உப்பைக் கிடையாகவும் வெப்பநிலையை நெடுக்காகவும் வைத்து ஒவ்வோர் அளவீட்டையும் ஒரு புள்ளியாகக் குறித்தார். டி என்பது வெப்பநிலை, எஸ் என்பது உப்பு. இதில் ஒரு பெரிய வசதி. இரண்டு நீர் கலந்தால் கிடைக்கும் கலவை, அவை இரண்டையும் சேர்க்கும் நேர்க்கோட்டின் மேல்தான் விழும். எந்த விகிதத்தில் கலந்தாலும் கோட்டை விட்டு நகராது. மூன்று நீர் கலந்தால் அவை மூன்றும் அமைக்கும் முக்கோணத்துக்குள் விழும்.

படத்தில் சம அடர்த்திக் கோடுகளையும் வரையுங்கள். பொட்டன்ஷியல் அடர்த்தியிலிருந்து, அதாவது நீரை மேற்பரப்புக்குக் கொண்டுவந்தால் இருக்கும் அடர்த்தியிலிருந்து, 1000-ஐக் கழித்துச் சிக்மா என்று எழுதுவது வழக்கம், 1026.6 என்பது சிக்மா 26.6. புள்ளிகளுக்கு அழுத்தத்தைப் பொறுத்து நிறம் கொடுங்கள், ஆக்சிஜன் அளவீடு இருந்தால் இன்னொரு படத்தில் அதற்கு நிறம் கொடுங்கள். மேல் 50 மீட்டர் புள்ளிகளை மங்கலாக்கி வையுங்கள், அவை இன்னும் காற்றோடு பேசிக்கொண்டிருக்கும் நீர், வாரத்துக்கு வாரம் மாறும்.

இப்போது வளைவைப் படிக்கலாம். நேராக ஓடும் பகுதி என்றால் இரண்டு நீர்கள் கலந்துகொண்டிருக்கும் இடம். திரும்பும் முனைதான் முக்கியம்: உப்பு கூடிக்கொண்டே வந்து சட்டென்று குறையத் தொடங்கினால், அந்த முனையில் ஏதோ ஒரு நீர்த்திரளின் மையம் இருக்கிறது, அல்லது ஒரு காலத்தில் இருந்தது. 1925-27-இல் மீட்டியர் கப்பல் அட்லாண்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்த தரவை வைத்து கியோர்க் வூஸ்ட் இப்படி உச்சங்களையும் தாழ்வுகளையும் பின்தொடர்ந்தே ஆழ்கடலின் போக்குகளை வரைந்தார். இவ்வளவு பழைய முறை இன்றும் முதல் பார்வைக்கு ஏமாற்றுவதில்லை.

மத்திய அல்லது வடக்கு அரபிக்கடலில் ஒரு நல்ல மிதவையை எடுத்து வரைந்தால் மூன்று முனைகள் பல்வரிசைபோல வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்.

மேலே உள்ளது சிக்மா 24 வாக்கில், வெப்பம் 26 டிகிரியை ஒட்டி, உப்பு 36-க்கு மேல். இது அரபிக்கடலின் சொந்தப் பிள்ளை. வாடைக்காற்று வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, நிலத்திலிருந்து வரும் வறண்ட குளிர்ந்த காற்று வடக்கு அரபிக்கடலின் மேல்நீரை ஆவியாக்கிக் குளிரவைக்கிறது. கலந்த அடுக்கு 100 மீட்டர் வரையும் அதற்கு மேலும் தடிக்கிறது. அந்த நீர் தெற்கே நகரும்போது இலேசான மேல்நீருக்கு அடியில் நுழைந்து உப்பு உச்சமாக நிற்கிறது. இதை அரபிக்கடல் அதிஉப்பு நீர் என்பார்கள்.

நடுவில் சிக்மா 26.6, ஆழம் 200 முதல் 350 மீட்டர். இது ஹோர்முஸ் நீரிணை வழியாக வரும் பாரசீக வளைகுடா நீர். வளைகுடாவின் சராசரி ஆழம் 35 மீட்டர் அளவே, குளத்தைப் போல எளிதில் சூடாகிக் குளிரும் கடல், கோடையில் கடும் ஆவியாதல், குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து குளிர்காற்று. அங்கே 40 வரை போகும் உப்பு, ஓமன் வளைகுடாவைத் தாண்டும்போதே கலந்து இறங்கி, நடுக்கடலில் 36-ஐ ஒட்டி, அதற்கும் கீழே வந்துவிடும்.

கீழே சிக்மா 27.2, வெப்பம் 10 டிகிரி வாக்கில், உப்பு 35.4 சுற்றுவட்டாரத்தில். செங்கடல் நீர். வடக்கே இந்த முனை மங்கலாகவும் ஏடன் வளைகுடா, சோமாலியக் கரைப் பக்கம் கூர்மையாகவும் இருக்கும். பாரசீக வளைகுடா நீர் இதற்கு நேர் எதிராக வடக்கே கூர்மை, தெற்கே மங்கல்.

பெயர் வைக்கும் முன் சரிபார்ப்பது

முனையைப் பார்த்ததும் பெயர் எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள். சிக்மா 26.6-இல் ஓர் உச்சம் இருக்கிறது என்பது பாரசீக வளைகுடா நீர் என்பதற்கு ஆரம்ப ஆதாரம் மட்டுமே. உண்மையான ஆதாரம் பக்கத்து மிதவைகளில் இருக்கிறது. ஒரே சம அடர்த்தித் தளத்தில், அதாவது சிக்மா 26.6-இல், அந்த வட்டாரத்தின் எல்லா மிதவைகளின் உப்பையும் ஒரு வரைபடத்தில் போடுங்கள். ஹோர்முஸை நோக்கிப் போகப் போக உப்பு கூடிக்கொண்டே போகிறதா? போனால் பெயர் எழுதலாம். போகாமல் வேறு திசையில் கூடினால், அட்டவணை என்ன சொன்னாலும் அது வேறு நீர். அட்டவணையில் உள்ள எல்லைகள் யாரோ ஒருவர் தன் தரவை வைத்துப் போட்ட கோடுகள், ஒரே நீருக்கு இரண்டு கட்டுரைகளில் இரண்டு எல்லை இருப்பது சகஜம். மூல இடம் வரை தொடர்ந்து பின்னால் போக முடிகிறதா என்பதைத்தான் நான் கடைசி வரை நம்புவேன்.

வரைபடத்தை ஆழத்தில் போடாமல் அடர்த்தியில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுழல்களும் உள் அலைகளும் அடுக்குகளைப் பத்துக்கணக்கான மீட்டர் தூக்கி இறக்கிக்கொண்டே இருக்கும். 300 மீட்டரில் சராசரி எடுத்தால் இன்று முனையையும் நாளை முனைக்கு மேலுள்ள நீரையும் சேர்த்துக் கூட்டிவிடுவீர்கள், உச்சம் தேய்ந்துபோகும். அடர்த்தியில் சராசரி எடுத்தால் அது அப்படியே நிற்கும்.

இரண்டாவது சாட்சி ஆக்சிஜன். ஆனால் இதைக் கவனமாகக் கையாள வேண்டும், ஏனென்றால் உப்பைப் போலல்லாமல் ஆக்சிஜனை உயிரினங்கள் வழியில் தின்றுவிடும். மேற்பரப்பை விட்டுப் போகும்போது நீர் ஏறக்குறைய நிறைவான ஆக்சிஜனோடு போகிறது. அந்த வெப்பநிலையிலும் உப்பிலும் எவ்வளவு கரைந்திருக்க வேண்டுமோ அதிலிருந்து இப்போது இருப்பதைக் கழித்தால், அது போன காலத்தில் எவ்வளவு செலவானது என்று தெரியும். அரபிக்கடலில் 150 முதல் 1000 மீட்டர் வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு ஒன்று இருக்கிறது, சில இடங்களில் பூஜ்யத்தைத் தொடும் அளவுக்கு. அதன் மேற்பகுதிக்குள் கொஞ்சம் ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் பாரசீக வளைகுடா நீருக்குப் பங்கு உண்டு. வளைகுடா சூடாகி, வெளிவரும் நீர் இலேசாகி, முன்பு போன ஆழத்துக்குப் போகாமல் மேலேயே நின்றுவிட்டால் அந்த அடுக்குக்கு என்ன ஆகும் என்பது மீனையும் மீனை நம்பியிருப்பவர்களையும் தொடும் விஷயம். இந்தப் படங்களை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கப்பல் தரவு கிடைத்தால் சிலிக்கேட், நைட்ரேட், பாஸ்பேட் மூன்றும் சேரும். வயது தெரிய வேண்டுமானால் மனிதன் காற்றில் விட்ட பொருள்கள் உதவும். குளோரோஃபுளோரோகார்பன் 1930-களுக்கு முன் காற்றிலேயே கிடையாது, அணுகுண்டுச் சோதனைகளின் டிரிடியம் 1960-களின் தொடக்கத்தில் உச்சம் தொட்டது. ஒரு நீரில் குளோரோஃபுளோரோகார்பன் அறவே இல்லையென்றால் அது அதற்கு முன்பே மேற்பரப்பை விட்டுப் போன நீர்.

எவ்வளவு கலந்திருக்கிறது என்ற கணக்கு

பெயர் தெரிந்துவிட்டது, பங்கு எவ்வளவு? இரண்டு நீர் மட்டும் என்றால் கையாலேயே போடலாம். கணக்குக்காக எடுத்த எண்கள் இவை: மூல நீர் 18 டிகிரி, உப்பு 37.0. சுற்றியுள்ள நீர் 13 டிகிரி, உப்பு 35.4. உங்கள் மாதிரியின் உப்பு 35.8. இரண்டுக்கும் இடையே உள்ள 1.6-இல் மாதிரி 0.4 மேலே இருக்கிறது, ஆக மூல நீரின் பங்கு 25 சதவீதம். இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பங்கு சரியென்றால் வெப்பநிலை 13-உடன் 5-இல் கால்பங்கு சேர்ந்து 14.25 இருக்க வேண்டும். அளந்த எண்ணும் 14.2, 14.3 என்று வந்தால் நல்லது. 13.6 என்று வந்தால் கலப்பில் மூன்றாவது நீர் ஒன்று இருக்கிறது, இல்லையென்றால் நீங்கள் எடுத்த மூல எண் தவறு. உப்பைக் கொண்டு பங்கைக் கண்டுபிடி, வெப்பநிலையைக் கொண்டு சோதி என்ற இந்தப் பழக்கம் பின்னால் பெரிய கணக்குகளிலும் காப்பாற்றும்.

மூன்று நீர் என்றால் மூன்று சமன்பாடு: வெப்பம், உப்பு, பங்குகளின் கூட்டுத்தொகை 1. அதற்கு மேல் நீர்கள் சேர்ந்தால் ஆக்சிஜன், சத்துப்பொருள்கள் என்று சமன்பாடுகளையும் கூட்ட வேண்டும். மத்தியாஸ் டாம்சாக் 1981-இல் முன்வைத்த பல அளவுரு முறையின் வழியில் வந்த கணக்கு இது. பங்குகள் எதுவும் எதிர்ம எண்ணாக வராதபடி, ஒவ்வோர் அளவீட்டுக்கும் அதன் நம்பகத்துக்கேற்ற எடை கொடுத்து, எச்சம் (கணக்கு தரும் எண்ணுக்கும் அளந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்) மிகக் குறையும் தீர்வைக் கணினி தேடும். ஆக்சிஜனும் சத்துகளும் வழியில் மாறுவதைக் கணக்கில் எடுக்க, ஆக்சிஜன் செலவுக்கும் பாஸ்பேட், நைட்ரேட் கூடுவதற்கும் உள்ள விகிதத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓர் எச்சரிக்கை: எந்த மூல நீர்களைக் கொடுத்தாலும் நிரல் ஏதோ ஒரு விடை தரத்தான் செய்யும். இல்லாத நீரைப் பட்டியலில் சேர்த்தால் அதற்கும் 12 சதவீதம் என்று எழுதித் தரும். எச்சத்தை ஆழவாரியாகப் பாருங்கள், ஓர் அடுக்கில் மட்டும் அது தொடர்ந்து பெரிதாக இருந்தால் பட்டியலில் ஏதோ குறைகிறது.

வங்காள விரிகுடாவுக்குப் போனால்

அரபிக்கடலில் பழகியவர்கள் வங்காள விரிகுடாவின் டி-எஸ் படத்தைப் பார்த்தால் திகைப்பார்கள். முனைகளைக் காணோம், நீண்ட ஒரு வில் மட்டும். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று ஆறுகள் கொட்டும் நீரும் மழையும் சேர்ந்து மேலே உப்பை மிகவும் குறைத்துவிடும், வடக்கே மழைக்காலம் முடியும்போது 30-க்கும் கீழே. அங்கிருந்து உப்பு கூடிக்கொண்டே போய் சில நூறு மீட்டரில் 35-ஐ ஒட்டி நின்று, பிறகு மிக மெதுவாகக் குறையும். வடக்கே குளிர்காலத்தில் மேல்நீர் கீழ்நீரைவிடக் குளிர்ந்திருப்பதையும் காணலாம். உணரி கெட்டுவிட்டது என்று தள்ளிவிடாதீர்கள். உப்பு அவ்வளவு குறைவாக இருப்பதால் குளிர்ந்தும் அது மூழ்குவதில்லை.

இந்த நன்னீர் அங்கேயே தங்குவதும் இல்லை. அக்டோபரிலிருந்து ஆந்திரக் கரை, தமிழ்நாட்டுக் கரை வழியாகத் தெற்கே ஓடும் கரையோர நீரோட்டம் அதை இலங்கையைச் சுற்றித் தென்கிழக்கு அரபிக்கடலுக்குக் கொண்டுபோகிறது. தென்மேற்குப் பருவத்தில் போக்கு திரும்பி, அரபிக்கடலின் உப்பு நீர் இலங்கைக்குத் தெற்கே வந்து வடகிழக்காகத் திரும்பி விரிகுடாவுக்குள் நுழைந்து, இலேசான மேல்நீருக்கு அடியில் புகுந்துகொள்கிறது. இலங்கைக்குக் கிழக்கே ஜூலை, ஆகஸ்டில் ஒரு மிதவையின் படத்தில் மேல் 100, 150 மீட்டருக்குள் ஓர் உப்பு முனை தெரிந்தால் அது எங்கே காற்றைத் தொட்டது என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம்.

ஆழத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பதால் வரும் பிழையும் இங்கேதான் அதிகம். அண்டார்டிக் இடைநீர் 800 முதல் 1000 மீட்டரில் இருக்கும் என்று படித்துவிட்டு விரிகுடாவின் 1000 மீட்டர் நீருக்கு அந்தப் பெயரைக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த நீரின் அடையாளமே உப்புத் தாழ்வு, 34.3, 34.4 வாக்கில். இந்தியப் பெருங்கடலில் அந்தத் தாழ்வு 10 டிகிரி தெற்கை நெருங்கும்போதே கரைந்துபோய்விடுகிறது. உங்கள் படத்தில் தாழ்வு இல்லையென்றால் அந்தப் பெயருக்கு இடமில்லை.

2000 மீட்டருக்குக் கீழே என்ன என்பதற்குச் சாதாரண ஆர்கோ உதவாது, கப்பலில் போய் அடிவரை அளக்கும் கோ-ஷிப் என்ற உலகத் திட்டத்தின் தரவையோ, இன்னும் ஆழம் இறங்கும் ஆழ் ஆர்கோ மிதவைகளையோ தேட வேண்டும். வடக்கை ஆசியக் கண்டம் அடைத்துவிட்டதால் இங்கே அடிநீர் பிறக்க இடமில்லை, இருப்பதெல்லாம் தெற்கிலிருந்து வந்தது. அண்டார்டிக் அடிநீர் மேற்கு ஆஸ்திரேலியப் படுகையிலிருந்து தொண்ணூறு கிழக்கு மலைத்தொடரின் தாழ்வான இடைவெளிகள் வழியாக நடு இந்தியப் படுகைக்குள் கசிகிறது. மேற்கே அமிராண்டே கணவாய் வழியாகச் சோமாலியப் படுகைக்குப் போகிறது. வடக்கே வர வர ஆக்சிஜன் குறைந்து சிலிக்கேட் கூடுகிறது, அதைப் பிடித்துக்கொண்டு பின்தொடரலாம். இந்த ஆழத்தில் மேற்பரப்புச் சிக்மாவை வைத்து வரையாதீர்கள். குளிர்ந்த நீர் சூடான நீரைவிட எளிதாக அமுங்கும், அதனால் மேற்பரப்பு அழுத்தத்தில் கணக்கிட்டால் அட்லாண்டிக்கில் அடியில் கிடக்கும் அண்டார்டிக் அடிநீர், அதன் மேல் இருக்கும் வட அட்லாண்டிக் ஆழ்நீரைவிட இலேசானது என்று விடை வரும். 4000 டெசிபார் அழுத்தத்தில் (ஏறக்குறைய 4000 மீட்டர் ஆழத்து அழுத்தம்) கணக்கிடும் சிக்மா-4 வரிசையைச் சரியாகத் தரும். மேலிருந்து அடி வரை ஒரே அளவுகோல் வேண்டுமென்றால் நியூட்ரல் அடர்த்தி இருக்கிறது, ஓஷன் டேட்டா வியூவிலேயே அதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.